ஹரால்ட் எவன்ஸ் அப்படி என்னதான் செய்தார்?

கேட்டவர் இதழியல் படிக்கிறவர் போலத் தெரிகிறது. கேள்வியின் சாரம் இது: கருவிலிருந்த குழந்தைகளைப் பாதித்த தாலிடோமைடு மருந்து விவகாரத்தைத் தோண்டியது நிருபர்கள், கோர்ட்டில் வாதாடியது வக்கீல்கள், செலவு செய்தது முதலாளி, அப்படியிருக்க லண்டன் சண்டே டைம்ஸ் ஆசிரியர் ஹரால்ட் எவன்ஸுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெயர், கடைசியில் புது முதலாளி ரூப்பர்ட் மர்டாக் ஒரே வருடத்தில் அவரை அனுப்பிவிட்டாரே? எவன்ஸின் பெயரை வைத்துக் கேட்டிருந்தாலும், ஆசிரியர் நாற்காலியில் இருப்பவர் செய்கிற வேலை என்ன, அதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு மற்றவர்களுடையது என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் பல வருடங்கள் நாளிதழ் டெஸ்க்கில் உதவி ஆசிரியராக இருந்தவன், பிறகு புதிதாகச் சேர்பவர்களுக்கு எடிட்டிங்கும் பக்க வடிவமைப்பும் சொல்லிக்கொடுத்தவன். எவன்ஸ் இந்த இரண்டைப் பற்றியும் எழுதிய பாடநூல்கள் வழியாகத்தான் அவர் எனக்கு முதலில் அறிமுகம். சட்டம் நான் முறையாகப் படித்ததில்லை, அதனால் கீழே வரும் வழக்கு விவரங்களில் ஒரு பத்திரிகைக்காரனுக்குத் தேவையான அளவுக்கு மேல் போகமாட்டேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எவன்ஸைப் பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி எவன்ஸே எழுதியது. தேதி, தீர்ப்பு, தொகை எல்லாம் பொது ஆவணங்களில் இருக்கின்றன, அவற்றில் சந்தேகமில்லை. யார் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்ற இடங்களில்தான் அவர் சொல்வதை ஒரு தரப்பின் சாட்சியமாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

எவன்ஸ் 1928 ஜூன் 28 அன்று மான்செஸ்டரை ஒட்டிய எக்கிள்ஸ் பகுதியில் பிறந்தார். அப்பா ரயில் என்ஜின் ஓட்டுநர், அம்மா வீட்டின் முன்னறையிலேயே மளிகைக்கடை நடத்தியவர். அந்தக் காலத்து பிரிட்டிஷ் பெரிய பத்திரிகைகளின் ஆசிரியர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் இது எவ்வளவு தூரமான தொடக்கம் என்பது புரியும். பெரும்பாலும் நல்ல வசதியான குடும்பம், பேர்பெற்ற பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு அல்லது கேம்பிரிட்ஜ். சிறுவயது சம்பவம் ஒன்றை அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். 1940இல் வேல்ஸ் கடற்கரை ஊரான ரில்லுக்குக் குடும்பத்தோடு போயிருந்தபோது, உலகப் போரில் பிரான்ஸின் டன்கர்க்கிலிருந்து தப்பி வந்த சிப்பாய்கள் மணலில் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். அப்பா போய் அவர்களோடு பேசினார். அவர்கள் தோற்றுப்போன, நொறுங்கிப்போன மனிதர்கள். பத்திரிகைகளோ அவர்கள் உற்சாகம் குன்றாமல் திரும்பிச் சண்டைபோடத் துடிப்பதாக எழுதிக்கொண்டிருந்தன. பத்திரிகை சொல்வதற்கும் கண்ணால் பார்ப்பதற்கும் நடுவில் இப்படியொரு இடைவெளி இருக்க முடியுமா என்ற கேள்வி அங்கேதான் தனக்குள் விழுந்தது என்பது அவர் கணக்கு. பெரியவரான பிறகு நினைவுகூர்ந்து சொன்னது என்பதை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் பின்னால் அவர் செய்ததோடு இது பொருந்துகிறது.

பதினாறு வயதில் ஆஷ்டன்-அண்டர்-லைன் ஊரின் வாரப் பத்திரிகையில் சேர்ந்தார், சம்பளம் வாரம் ஒரு பவுன். சாவு வீடு, திருமணம், மாஜிஸ்திரேட் கோர்ட், கவுன்சில் கூட்டம் என்று எல்லா ஊர் நிருபர்களும் தொடங்குகிற இடத்தில்தான் அவரும் தொடங்கினார். பிறகு விமானப்படையில் கட்டாய சேவை, டர்ஹம் பல்கலைக்கழகம், அப்புறம் மான்செஸ்டர் ஈவ்னிங் நியூஸில் உதவி ஆசிரியர். மாலைப் பத்திரிகை டெஸ்க் என்பது ஒரு நாளில் பல பதிப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு. நிமிடக் கணக்கில் தலைப்பு போட்டு, செய்தியை வெட்டிச் சுருக்கி அச்சுக்கு அனுப்பிப் பழகியவர் அவர். 1956இல் ஹார்க்னஸ் உதவித்தொகையில் அமெரிக்கா போய் சிகாகோவிலும் ஸ்டான்ஃபோர்டிலும் படித்தார். 1960 வாக்கில் சர்வதேச பத்திரிகை நிறுவனம் சார்பில் இந்தியாவுக்கு வந்து நம் நாட்டுப் பத்திரிகைகளுக்கு எடிட்டிங், வடிவமைப்புப் பயிற்சிகள் நடத்தினார். நம்மில் பலருக்கு இது தெரியாது.

1961இல் டார்லிங்டன் ஊரின் நார்தர்ன் எக்கோவுக்கு ஆசிரியரானார். உங்கள் கேள்விக்கான பதில் லண்டனில் இல்லை, இந்தச் சின்ன ஊரில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. (இதே பத்திரிகைக்கு 1871இல், 22 வயதில் ஆசிரியரானவர் டபிள்யூ. டி. ஸ்டெட். பிரிட்டனில் பிரசார இதழியலின் மூலவர் என்று சொல்லத்தக்கவர், 1912இல் டைட்டானிக்கில் இறந்தவர். எவன்ஸுக்கு அந்த வாரிசுரிமை பற்றி எப்போதும் பெருமை உண்டு.) கனடாவின் வான்கூவர் பக்கம் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய பரிசோதனை நடத்தி உயிரிழப்பைக் குறைக்கிறார்கள் என்று ஒரு சின்னச் செய்தி அவர் கண்ணில் பட்டது. அதை வெட்டி எடுத்து ஒரு நிருபரிடம் கொடுத்து, நம் நாட்டில் ஏன் இது இல்லை என்று விசாரிக்கச் சொன்னார். செய்தி வந்தது. சாதாரணமாக அதோடு முடிந்துவிடும். எவன்ஸ் முடிக்கவில்லை; திரும்பத் திரும்பப் போட்டார், எம்.பி.க்களுக்கு அனுப்பினார், சுகாதார அமைச்சகம் சொன்ன பதில்களைப் போட்டு அவற்றுக்கு மறுபதிலும் போட்டார். அறுபதுகளின் நடுவில் தேசிய அளவில் அந்தப் பரிசோதனைத் திட்டம் வந்தது. அதற்கு இந்தப் பத்திரிகை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், மருத்துவர்கள் பலர் அதற்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அமைச்சகத்தின் மேஜையிலிருந்து அந்த விஷயம் இறங்காமல் பார்த்துக்கொண்டதில் ஒரு மாவட்டப் பத்திரிகையின் பங்கு நிச்சயம் உண்டு.

அடுத்தது டிமத்தி எவன்ஸ் வழக்கு. பெயர் ஒற்றுமைதான், உறவு கிடையாது. தன் கைக்குழந்தையைக் கொன்றதாக 1950 மார்ச் 9 அன்று தூக்கிலிடப்பட்டவர் டிமத்தி. மூன்று வருடம் கழித்து, அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தவரும் அவருக்கு எதிரான முக்கிய சாட்சியுமான ஜான் கிறிஸ்டி பல பெண்களைக் கொன்றவர் என்று தெரியவந்தது. டிமத்தியின் மனைவியைக் கொன்றதும் தான்தான் என்று கிறிஸ்டி ஒப்புக்கொண்டார். ஆனாலும் அரசு தவறை ஏற்கவில்லை. ஹெர்பர்ட் வூல்ஃப் என்ற உள்ளூர் தொழிலதிபர் இந்த வழக்கைப் பற்றி எழுதியதை எடுத்துக்கொண்டு 1965இல் எவன்ஸ் பிரசாரத்தைத் தொடங்கினார். லண்டனில் நடந்த கொலை, பதினைந்து வருடம் பழசு, டார்லிங்டன் வாசகருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எங்கள் டெஸ்க்கில் யாராவது இதைக் கொண்டுவந்திருந்தால், ஏன்யா இதெல்லாம் இப்போ என்றுதான் கேட்டிருப்போம். பிரேபின் விசாரணை வந்தது, 1966 அக்டோபரில் உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் பரிந்துரையில் அரச மன்னிப்பும் வந்தது. இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். நீதிபதி பிரேபின் டிமத்தியை முழுக்க விடுவிக்கவில்லை. குழந்தையை அவர் கொன்றிருக்க வாய்ப்பில்லை, மனைவியைக் கொன்றிருக்கலாம் என்பதே அவர் முடிவு. தண்டனை குழந்தையின் கொலைக்கு என்பதால் மன்னிப்பு கிடைத்தது. இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு வெற்றிக்கதையாக மட்டும் எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

1966இல் சண்டே டைம்ஸ் ஆசிரியர் டெனிஸ் ஹாமில்டன் அவரை லண்டனுக்கு அழைத்துக்கொண்டார். 1967 தொடக்கத்தில் எவன்ஸே ஆசிரியர், வயது 38. இனி தாலிடோமைடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது.

மேற்கு ஜெர்மனியின் க்ரூனென்டால் நிறுவனம் கண்டுபிடித்த தூக்க மருந்து தாலிடோமைடு. பிரிட்டனில் டிஸ்டில்லர்ஸ் என்ற பெரிய மதுபான நிறுவனத்தின் மருந்துப் பிரிவு 1958 முதல் டிஸ்டாவல் என்ற பெயரில் விற்றது. கர்ப்பிணிகளும் பயமின்றிச் சாப்பிடலாம் என்றுதான் விளம்பரம். கை, கால் வளராமல் குழந்தைகள் பிறந்தன. 1961 கடைசியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. பிரிட்டனில் மட்டும் சுமார் 450 குழந்தைகள். பெற்றோர்கள் 1962இலேயே வழக்குப் போடத் தொடங்கினார்கள். 1968இல் சுமார் 60 குடும்பங்கள், நிறுவனம் கவனக்குறைவாக இருந்தது என்ற குற்றச்சாட்டைக் கைவிட்டுவிட்டு, வழக்கில் ஜெயித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதில் 40 சதவீதத்தை வாங்கிக்கொண்டு சமாதானமாயின. மீதமிருந்த 389 குடும்பங்களுக்கு 1971இல் டிஸ்டில்லர்ஸ் ஓர் அறக்கட்டளை வழியாக 32.5 லட்சம் பவுன் தர முன்வந்தது, எல்லாக் குடும்பங்களும் சம்மதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஓவிய வியாபாரியான டேவிட் மேசன் உட்பட ஒருசில பெற்றோர் மறுத்தார்கள். ஒரு குழந்தையின் முழு வாழ்நாளுக்கும் அந்தப் பணம் எப்படிப் போதும் என்பது அவர்கள் கேள்வி.

இதில் பத்திரிகைகள் ஏன் பத்து வருடம் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி, கோர்ட்டில் நிலுவையில் இருக்கும் வழக்கின் மையப் பிரச்சினையைப் பற்றி எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு. ஆசிரியர் சிறைக்கும் போகலாம். வழக்கு உண்மையில் நகரவே இல்லை, பேச்சுவார்த்தைதான் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. ஆனால் தாக்கல் செய்த மனு அங்கே இருக்கும்வரை எல்லாரும் ஊமை. டெய்லி மெயில் 1971 கடைசியில் மேசனின் கதையைத் துணிந்து போட்டது. அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை வந்ததும் நிறுத்திக்கொண்டது. நிறுத்தியவர்களைக் கோழை என்று சொல்ல மாட்டேன். சட்ட ஆலோசகர் வேண்டாம் என்று சொன்ன பிறகு ஓர் ஆசிரியர் மேலே போவது எவ்வளவு கஷ்டம் என்று டெஸ்க்கில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

சண்டே டைம்ஸிடம் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் இருந்தன. பெற்றோர் தரப்புக்கு நிபுணராக இருந்த ஒரு மருந்தியலாளரிடமிருந்து காசு கொடுத்து வாங்கியவை. அந்த ஆவணங்களை வைத்து எழுதினால் அது நேராக வழக்கின் மையத்தைத் தொடும், உடனே அவமதிப்பு. எவன்ஸும் பத்திரிகையின் சட்ட ஆலோசகர் ஜேம்ஸ் எவன்ஸும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். சட்டப்படி டிஸ்டில்லர்ஸ் குற்றவாளியா என்ற கேள்வியை அப்படியே விட்டுவிடுவது. சட்டத்தில் பொறுப்பு இருக்கிறதோ இல்லையோ, தார்மீகத்தில் இந்த நிறுவனம் இந்தக் குழந்தைகளுக்கு இதைவிட அதிகம் தரக் கடமைப்பட்டதா இல்லையா என்று மட்டும் கேட்பது. 1972 செப்டம்பர் 24 அன்று, இந்தக் குழந்தைகளின் நிலை தேசத்துக்கே அவமானம் என்ற பொருளில் தலைப்பிட்டு முதல் கட்டுரை வந்தது. அதிலேயே ஒரு வரி, இந்தத் துயரம் எப்படி நடந்தது என்று பின்னொரு கட்டுரை வரும் என்று.

அந்த ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு கட்டுரைகளையும் ஒன்றாகப் போட்டிருந்தால் இரண்டுமே முடங்கியிருக்கும். பிரித்ததால் ஒன்று வெளியே வந்துவிட்டது. அட்டர்னி ஜெனரல் அதன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. இரண்டாவது கட்டுரையின் வரைவை எவன்ஸ் மறைக்காமல் அரசின் சட்ட அதிகாரிகளுக்கே அனுப்பினார். அதற்குத்தான் 1972 நவம்பர் 17 அன்று தடையுத்தரவு வந்தது. 1973 பிப்ரவரியில் டென்னிங் பிரபுவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. ஜூலையில், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை, பத்திரிகையே வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதை அனுமதிக்க முடியாது என்று மறுபடி தடை போட்டது. எவன்ஸின் நிறுவனம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 1979 ஏப்ரல் 26 அன்று, 11க்கு 9 என்ற குறுகிய பெரும்பான்மையில், பிரிட்டன் கருத்துச் சுதந்திரத்தை மீறியது என்று தீர்ப்பு. அதன் விளைவாக 1981இல் பிரிட்டனில் அவமதிப்புச் சட்டமே திருத்தி எழுதப்பட்டது. இதற்கு நடுவே 1976 ஜூனில் உள்நாட்டுத் தடை நீங்கி, அந்த இரண்டாவது கட்டுரையும் வெளிவந்திருந்தது.

இத்தனைக்கும் நடுவில் பிரசாரம் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கட்டுரைக்குத் தடை, ஆனால் குழந்தைகளைப் பற்றி எழுதத் தடையில்லை. அதனால் வாரா வாரம் அவர்களைப் பற்றி, அவர்கள் வீடு, பள்ளி, செயற்கைக் கைகள், பெற்றோரின் களைப்பு பற்றி எழுதிக்கொண்டே இருந்தார்கள். மார்ஜரி வாலஸ், எலைன் பாட்டர், ஃபிலிப் நைட்லி, புரூஸ் பேஜ் போன்றவர்களின் உழைப்பு அது. அவர்கள் பெயரைச் சொல்லாமல் எவன்ஸ் பெயரை மட்டும் சொல்வது நியாயமில்லை. எம்.பி. ஜாக் ஆஷ்லி 1972 நவம்பரில் இதை நாடாளுமன்ற விவாதமாக்கினார். டிஸ்டில்லர்ஸின் பெரிய பங்குதாரர்களான காப்பீட்டு நிறுவனங்கள் நெளிய ஆரம்பித்தன. அமெரிக்காவிலிருந்து நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர் நிறுவனத்தின் மதுபானங்களைப் புறக்கணிப்போம் என்று மிரட்டினார். 1973 ஜனவரிக்குள் டிஸ்டில்லர்ஸ் தர முன்வந்த தொகை சுமார் 2 கோடி பவுனாக உயர்ந்தது. ஜூலையில் சமரசம் உறுதியானது. தாலிடோமைடு அறக்கட்டளை அப்படித்தான் பிறந்தது. டிஸ்டில்லர்ஸ் சண்டே டைம்ஸின் மிகப் பெரிய விளம்பரதாரர்களில் ஒன்று, வருடத்துக்கு சுமார் 6 லட்சம் பவுன் விளம்பரம் தந்த நிறுவனம் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இதில் ஆசிரியரின் பங்கு எது? பத்திரிகை அலுவலகத்தில் இருந்தவன் என்ற முறையில் இப்படிப் பிரிப்பேன். விஷயத்தைக் கண்டுபிடித்தது அவரில்லை, மேசனும் மற்ற பெற்றோரும் ஏற்கனவே போராடிக்கொண்டிருந்தார்கள். எழுதியது அவரில்லை. பணம் அவருடையதில்லை. எந்தக் கேள்வியைக் கேட்டால் சட்டம் குறுக்கே வராது என்று தேர்ந்தெடுத்ததில் சட்ட ஆலோசகரோடு பங்கு. ஆனால் இதைப் போடுகிறோம், தடை வந்தாலும் வேறு பக்கத்திலிருந்து போடுகிறோம், வாசகருக்கு அலுத்துவிட்டது என்று விளம்பரப் பிரிவும் சக ஆசிரியர்களும் சொன்னாலும் அடுத்த வாரமும் போடுகிறோம் என்ற முடிவு முழுக்க அவருடையது. எந்தப் பத்திரிகையிலும் ஒரு பெரிய செய்தி இரண்டாவது வாரத்தில் தானாகச் சாகத் தொடங்கும். நிருபருக்கு அடுத்த வேலை வந்துவிடும், டெஸ்க்கில் இருப்பவருக்கு இது பழைய விஷயம் என்று தோன்றும், புதிதாக ஒன்று முதல் பக்கத்தைக் கேட்கும். அதைச் சாகவிடாமல் வைத்திருக்கிற அதிகாரம் அந்த அலுவலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் இருக்கிறது. டார்லிங்டனில் புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் டிமத்திக்கும் செய்ததையே அவர் லண்டனிலும் செய்தார். அவருக்குக் கிடைத்த பெயரில் இந்தப் பகுதி முழுக்க நியாயமானது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஆவணங்கள் கைக்கு வந்தது அறுபதுகளின் கடைசியில், கட்டுரை வந்தது 1972இல். நடுவில் சில வருடங்கள் போயின. இந்தத் தாமதத்தைப் பற்றியும், வெற்றிக்குப் பின் கட்டியெழுப்பப்பட்ட வீரக்கதையைப் பற்றியும் கடுமையாக எழுதியவர் அந்தக் குழுவிலேயே இருந்த ஃபிலிப் நைட்லி. அவர் சொல்வதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஒரு குழந்தைக்கு அந்த வருடங்கள் திரும்பி வராது. அதேபோல 1972 ஜனவரி 30, வட அயர்லாந்தின் டெரி நகரில் பிரிட்டிஷ் ராணுவம் ஊர்வலத்தில் சுட்டு 13 பேர் அன்றே இறந்தபோது, மர்ரே சேய்ல், டெரெக் ஹம்ஃப்ரி இருவரும் அங்கிருந்து எழுதி அனுப்பிய அறிக்கையை எவன்ஸ் வெளியிடவில்லை. சேய்ல் அதற்குப் பிறகு பத்திரிகையை விட்டே போனார். அரசு விசாரணை நடக்கும்போது எழுதினால் அவமதிப்பு என்ற எச்சரிக்கையும் அப்போது இருந்தது. ஏப்ரலில் பத்திரிகையின் புலனாய்வுப் பிரிவான இன்சைட் குழுவின் விரிவான புலனாய்வு வந்தது உண்மை. ஆனால் முதல் அறிக்கையை நிறுத்தியது சரியா என்று கேட்டால், இரண்டு பக்கமும் வாதம் செய்யலாம். கட்டுரை போதிய ஆதாரமில்லாமல் ராணுவத்தின் உள்நோக்கத்தைச் சொன்னது என்பது ஒரு வாதம், பின்னால் வந்த நீண்ட விசாரணை சேய்லின் பக்கம் எவ்வளவோ உண்மை இருந்ததைக் காட்டியது என்பது மறுவாதம். நான் சேய்ல் பக்கம் சாய்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1967இல் சோவியத் உளவாளி கிம் ஃபில்பி பிரிட்டிஷ் உளவுத்துறையில் எவ்வளவு உயரத்தில் இருந்தார் என்று அரசின் விருப்பத்துக்கு மாறாக வெளியிட்டார். 1974இல் இறந்துபோன முன்னாள் அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மனின் நாட்குறிப்புகளை 1975இல், அமைச்சரவை ரகசியம் என்று அரசு தடுக்கப் பார்த்தும் தொடராகப் போட்டு, வழக்கிலும் ஜெயித்தார். 1974இல் பாரிஸ் அருகே துருக்கி விமானம் விழுந்து 346 பேர் இறந்தபோது, சரக்குக் கதவின் பழுது முன்பே தெரிந்திருந்தது என்று அவர் குழு தோண்டி எடுத்தது.

முதலாளி விஷயத்தில் நீங்கள் சொன்னது பாதி சரி. கனடாக்காரரான ராய் தாம்சன் பத்திரிகையை லாபத்துக்காக நடத்தினார், எதை எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. ஃபில்பி விவகாரத்தில் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் பிரவுன் ஒரு விருந்தில் தாம்சனையே பொதுவில் கண்டித்தார். அது ஆசிரியர் மேல் வந்து விழவில்லை. 1976இல் தாம்சன் இறந்தார், மகன் கென்னத்துக்கு லண்டன் பத்திரிகைகளில் அந்தப் பற்று இல்லை. அச்சுத் தொழிலாளர் தகராறில் 1978 நவம்பர் கடைசியிலிருந்து ஏறத்தாழ ஒரு வருடம் அதே நிறுவனத்தின் நாளிதழான டைம்ஸும் சண்டே டைம்ஸும் வெளிவரவே இல்லை. 1980 அக்டோபரில் விற்கப் போவதாக அறிவித்தார்கள், 1981 பிப்ரவரியில் ரூப்பர்ட் மர்டாக் 1.2 கோடி பவுனுக்கு வாங்கினார். இரண்டு பத்திரிகைகளும் நட்டத்தில் இருக்கின்றன என்ற அடிப்படையில், ஏகபோக ஆணையத்தின் விசாரணைக்கு அனுப்பாமலே அமைச்சர் ஜான் பிஃபென் ஒப்புதல் தந்தார். 1981 ஜனவரி 4 அன்று மர்டாக், பிரதமர் தாட்சரை, பிரதமர்களின் கிராமப்புற இல்லமான செக்கர்ஸ் மாளிகையில் மதிய உணவுக்கு ரகசியமாகச் சந்தித்தது 2012இல் வெளியான தாட்சரின் காகிதங்களில்தான் தெரிந்தது. சந்திப்பு நடந்தது உறுதி. அதனால்தான் ஒப்புதல் கிடைத்தது என்பது எவன்ஸ் உட்படப் பலரின் முடிவு. நம்பத்தகுந்தது, ஆனால் அந்தக் காகிதம் தனியாக அதை நிரூபிக்கவில்லை.

எவன்ஸ் முதலில் தன் சகாக்களோடு சேர்ந்து சண்டே டைம்ஸை வாங்கவே முயன்றார், நடக்கவில்லை. அப்புறம் மர்டாக் கொடுத்த டைம்ஸ் ஆசிரியர் பதவியை ஏற்றுக்கொண்டார். இதை அவருடைய மிகப் பெரிய தவறாக நான் பார்க்கிறேன். தான் வளர்த்த, தன்னை நம்பிய ஓர் அணியை விட்டுவிட்டு, பழைய ஆட்கள் சந்தேகத்தோடு பார்க்கிற அலுவலகத்துக்கு, யாரென்று நன்றாகத் தெரிந்த ஒரு முதலாளியின் கீழ் போனார். ஆசிரியரை நீக்க சுயேச்சை இயக்குநர்களின் சம்மதம் வேண்டும் என்ற உத்தரவாதங்களை நம்பினார். 1982 மார்ச்சில், அவர் அப்பாவின் இறுதிச் சடங்கு முடிந்த சில நாட்களில், மர்டாக் ராஜினாமா கேட்டார். ஒரு வாரம் தாக்குப்பிடித்து 15ஆம் தேதி விலகினார். ராஜினாமா என்று ஆகிவிட்டதால் இயக்குநர்களின் உத்தரவாதம் வேலை செய்ய வேண்டிய தேவையே வரவில்லை. தாட்சரின் பொருளாதாரக் கொள்கையை விமர்சித்ததால்தான் இது என்பது எவன்ஸ் தரப்பு. செலவு எல்லை மீறியது, அடிக்கடி மனசை மாற்றினார், பழைய ஊழியர்கள் அவருக்கு எதிராகத் திரும்பினார்கள் என்பது மறுதரப்பு. டைம்ஸின் ஊழியர்களில் ஒரு பகுதி அவரை விரும்பவில்லை என்பது பல தரப்பிலிருந்தும் வருகிற செய்தி, அதனால் இரண்டு காரணங்களும் ஒரே சமயத்தில் உண்மையாக இருந்திருக்கலாம்.

பிறகு அமெரிக்கா. 1981இல் மணந்த இரண்டாவது மனைவி டினா பிரவுனோடு நியூயார்க்கில் குடியேறி, ஒரு பயண இதழைத் தொடங்கிவைத்து, 1990 முதல் 1997 வரை ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தின் தலைவராக இருந்தார். 2002இல் பிரிட்டிஷ் பத்திரிகையாளர்கள் வாக்கெடுப்பில் எக்காலத்துக்கும் தலைசிறந்த ஆசிரியர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நீங்கள் கேட்ட அந்தப் பெயரில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. 2004இல் சர் பட்டம். 2020 செப்டம்பர் 23 அன்று 92 வயதில் இறந்தார்.

உங்கள் படிப்புக்காக ஒன்று சொல்கிறேன். எவன்ஸின் சொந்த வரலாற்றைப் படிக்கும் முன் 1979 ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பைப் படியுங்கள், இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது. சட்ட வாதங்களை விட்டுவிட்டு, தொடக்கத்தில் வரும் நிகழ்வுகளின் பகுதியை மட்டும் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கட்டுரை எப்போது வந்தது, புகார் எப்போது போனது, வரைவை யாருக்கு அனுப்பினார்கள், தடை எப்போது, நிறுவனம் தொகையை உயர்த்தியது எப்போது. நிருபர், வக்கீல், முதலாளி, ஆசிரியர் யாருடைய முடிவு எந்த வரியில் நிற்கிறது என்று பக்கத்திலேயே குறித்துப் பாருங்கள். சில தேதிகளுக்கு எதிரே நீங்கள் என்னோடு உடன்படாமல் போகலாம். அப்படியானால் எந்தத் தேதி என்று இங்கேயே எழுதுங்கள், பேசலாம்.